மின் உற்பத்தியும் கார்பன் உமிழ்வும் பொருளாதார வளர்ச்சியும்

ஒரு நாட்டின் பொருளாதாரம் வளரும்போது பொதுவாக அதன் மின் தேவையும் கூடுகிறது. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வும் சேர்ந்து கூடுகிறது. இதனால் வளர்ச்சியும் உமிழ்வும் பிரிக்க முடியாதவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில் இங்கே இரண்டு தனித்தனித் தொடர்புகள் உள்ளன. வளர்ச்சிக்கும் மின்சாரத்துக்கும் இடையே உள்ளது முதலாவது. வளரும் நாடுகளில் இது மிக இறுக்கமானது. மின்சாரத்துக்கும் உமிழ்வுக்கும் இடையே உள்ளது இரண்டாவது. இது எரிபொருளைப் பொறுத்து மாறக்கூடியது.

வளர்ச்சியும் மின்சாரமும்

மின்சாரம் வளர்ச்சியை உண்டாக்குகிறதா, வளர்ச்சி மின் தேவையை உண்டாக்குகிறதா என்பது பொருளியலில் பழைய கேள்வி. 1978இல் ஜான் கிராஃப்ட், ஆர்தர் கிராஃப்ட் ஆகியோர் அமெரிக்காவின் 1947 முதல் 1974 வரையிலான தரவுகளை ஆராய்ந்து, வருமானம் கூடியதே ஆற்றல் நுகர்வைக் கூட்டியது என்று கண்டனர். பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவுகள் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபடுகின்றன.

ஆனால் மின்சாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதில் ஐயம் இல்லை. 2012இல் தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது கோயம்புத்தூர், திருப்பூர் பகுதிச் சிறுதொழில்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. வசதி இருந்தவர்கள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டினர். அதில் செலவும் அதிகம், புகையும் அதிகம். மின் உற்பத்தியைக் குறைத்து உமிழ்வைக் குறைக்கலாம் என்ற யோசனை நடைமுறையில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது ஒரு சான்று.

உமிழ்வு வரும் வழி

அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுழற்றுகிறார்கள். எரிப்பதால் வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எரியும் ஒவ்வொரு கிலோ கார்பனும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து சுமார் 3.7 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. ஆகவே நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நவீன எரிவாயு நிலையத்தில் அது பாதிக்கும் குறைவு. காற்றாலை, சூரிய ஒளி, நீர், அணு மின் நிலையங்கள் இயங்கும்போது எதையும் எரிப்பதில்லை.

பிரிட்டன்

உலகின் முதல் பொது நிலக்கரி மின் நிலையம் 1882 ஜனவரியில் லண்டனின் ஹோல்பார்ன் வயடக்ட் பகுதியில் தொடங்கியது. அந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 2012இல்கூட பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 40 விழுக்காடு நிலக்கரியிலிருந்தே வந்தது. மீதி நடந்தது பன்னிரண்டே ஆண்டுகளில்.

1990களில் வடகடல் எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் நிலையங்கள் நிலக்கரியிலிருந்து விலகின. அப்போது காலநிலை முதன்மைக் காரணம் அல்ல, பணமே காரணம். 2013 முதல் மின் உற்பத்தியாளர்கள் வெளியிடும் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கப்பட்டது. கடலில் காற்றாலைகள் பெருகின. 1990க்கும் 2022க்கும் இடையே பிரிட்டனின் பசுங்குடில் வாயு உமிழ்வு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பொருளாதாரமோ சுமார் 80 விழுக்காடு வளர்ந்தது.

இதை முழு வெற்றியாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனின் ஆலைகள் பல மூடப்பட்டு, அங்கே பயன்படும் பொருள்கள் பல வேறு நாடுகளில் செய்யப்படுகின்றன. அந்தப் புகை அந்நாடுகளின் கணக்கில் சேர்கிறது. இறக்குமதியையும் சேர்த்துப் பார்த்தால் பிரிட்டனின் உமிழ்வு குறைந்தது உண்மை, ஆனால் அந்த அளவுக்கு அல்ல.

இந்தியா

இந்தியாவில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 யூனிட் மின்சாரமே பயன்படுகிறது. அமெரிக்காவில் இது 12,000 யூனிட்டுக்கும் மேல். தனிநபர் உமிழ்வும் உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. எனவே மின் பயன்பாடு இனியும் கூடத்தான் செய்யும், கூடவும் வேண்டும்.

இந்திய அரசு குறைப்பதாக உறுதியளித்திருப்பது உமிழ்வுச் செறிவை, அதாவது உற்பத்தியாகும் ஒவ்வொரு ரூபாய் மதிப்புக்கும் வெளியாகும் உமிழ்வை. அரசின் கணக்குப்படி இது 2005க்கும் 2020க்கும் இடையே 36 விழுக்காடு குறைந்தது. ஆயினும் மொத்த உமிழ்வு கூடியது. பொருளாதாரம் ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்ந்து, செறிவு 3 விழுக்காடு குறைந்தால், மொத்த உமிழ்வு ஏறக்குறைய 4 விழுக்காடு ஏறும். செய்தித்தாளில் ‘உமிழ்வு குறைந்தது’ என்று படிக்கும்போது எது குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் நிறுவுதிறனில் வருகிறது. 2025இல் இந்தியாவின் மொத்த நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் சாராததாக ஆகிவிட்டது. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் அதன் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான். சூரிய மின் நிலையம் இரவில் ஓடாது. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே மின்சாரம் தரும். நிலக்கரி நிலையம் மூன்றில் இரண்டு பங்கு வரை தருகிறது.

சிக்கல் மாலையில்தான் வருகிறது. சூரியன் மறையும் நேரத்தில் வீடுகளில் விளக்கும் ஏசியும் போடப்படுகின்றன, அப்போது தேவையைத் தாங்குவது பெரும்பாலும் நிலக்கரி. பகல் மின்சாரத்தை மாலைக்குச் சேமித்து வைக்க மின்கல அடுக்குகள் இப்போது நிறுவப்படுகின்றன. பழைய வழி ஒன்றும் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இயங்கி வருகிறது. மின்சாரம் மிகுதியாக இருக்கும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்து நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவை கூடும்போது அதே நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள்.