பூகம்பத்தைத் தாங்கும் நீர்க்குழாய்

பூமி அதிர்ந்தால் வீடுகள் வீழும், மாந்தர் மடிவர் என்பதை யாவரும் அறிவர். ஆயின், மண்ணுள் மறைந்து கிடக்கும் நீர்க்குழாய் முறிந்தால், அதிர்ச்சிக்குத் தப்பிய நகரமும் பின்னர் எழும் தீக்கு இரையாகும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்திய நகரம் அமெரிக்காவின் மேல்கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ ஆகும்.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலை 5 மணி 12 நிமிஷத்திற்கு அங்குப் பூகம்பம் நிகழ்ந்தது. அதிர்ச்சி ஏறக்குறைய ஒரு நிமிஷமே நீடித்தது. அதனால் மூண்ட தீயோ மூன்று நாள் எரிந்தது. சுமார் 28,000 கட்டடங்கள் அழிந்தன. நகருக்குத் தெற்கேயுள்ள நீர்த்தேக்கங்களின் அணைகள் உடையவில்லை. அவற்றில் நீரும் இருந்தது. எனினும் அந்நீரைக் கொணரும் பெருங்குழாய்கள் மூன்றும் சிதைந்தன. நிலப்பிளவை ஒட்டி ஓடிய குழாய் ஓரிடத்தில் இழுபட்டு அறுந்தது. மற்றோரிடத்தில் ஒரு துண்டினுள் மற்றொன்று செருகிக்கொண்டது. நகரினுள்ளே தெருக்குழாய்கள் சுமார் 300 இடங்களில் உடைந்தன. உடைந்த வீட்டு இணைப்புக்களோ 20,000-க்கு மேற்பட்டன. தீயணைக்க வந்தோர் பல தெருக்களில் நீரின்றிக் கைகட்டி நின்றனர்.

குழாய் முறிதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அதிர்வலை நிலத்தை நீட்டியும் சுருக்கியும் செல்லுதல். இரண்டாவது, நீர் ஊறிய தளர்மணல் குலுங்கியவுடன் குழம்பாகிச் சரிதல். பழைய சதுப்பையும் கடலையும் தூர்த்த நிலங்களில் இது மிகுதி. மூன்றாவது, நிலப்பிளவின் இருபுறமும் எதிர்த்திசைகளில் நகர்தல். வார்ப்பிரும்பு வளையாது, ஆகவே மண் அசையும்போது குழாயோ மூட்டோ உடையும்.

இதற்கு ஜப்பானியர் கண்ட பரிகாரம் குழாயைச் சங்கிலிபோல் அமைத்தல். ஒவ்வொரு மூட்டும் குழாய்த்துண்டின் நீளத்தில் நூற்றிலொரு பங்கு நீளவும் சுருங்கவும் இடந்தரும். 6 மீட்டர்த் துண்டாயின் 6 சென்டிமீட்டர். அவ்வெல்லையை எட்டியதும் குழாய்முனையின் விளிம்பு உள்ளிருக்கும் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். மூட்டுக் கழலாது, அடுத்த துண்டை இழுக்கும். இவ்வாறு ஓரிடத்து அசைவைப் பல மூட்டுக்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. 1995 ஜனவரி 17-இல் கோபி நகரப் பகுதியைப் பூகம்பம் தாக்கியபோது, பன்னிரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு நீர் நின்றுபோயிற்று. ஆனால் இவ்வகை மூட்டுடைய குழாய்கள் கழலாமல் நின்றன.

ஸான் பிரான்ஸிஸ்கோவினர் தீயணைப்பதற்கென்றே தனிக் குழாய்த்தொகுதி ஒன்றை 1913-இல் முடித்தனர். ஏறக்குறைய 750 அடி உயரத்தில் ஒரு கோடி அமெரிக்கக் காலன் கொள்ளும் தேக்கம்; அதன் கீழே வேறிரு தொட்டிகள்; கடல்நீரை ஏற்றும் நிலையங்கள்; தெருக்களின் அடியில் நிலவறைத் தொட்டிகள் ஆகியன அதன் உறுப்புக்கள். நிலம் உறுதியற்ற பகுதிகளை மட்டும் அடைத்துவிடத் தனித் தடுக்கிதழ்களும் வைத்தனர். ஆயினும் 1989 அக்டோபர் 17-இல் மீண்டும் பூமி நடுங்கியபோது, தாழ்ந்த பகுதியில் குழாய்கள் உடைந்து ஒரு தொட்டி விரைவில் வற்றிற்று. மெரீனாப் பகுதியின் தீயை அணைக்க, பீனிக்ஸ் என்னும் தீயணைப்புக் கப்பல் கடல்நீரை இறைத்துக் கொடுத்தது. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி வேண்டும் என்னும் பாடம் இதனால் விளங்குகின்றது.

பின்னர் அந்நகரத்தார் பெருஞ்செலவில் நெடுங்குழாய்களையும் திருத்தினர். ஹேவர்டு என்னும் நிலப்பிளவைக் கடக்குமிடத்தில், திரும்பவல்ல பந்து மூட்டுக்களும் நீளவல்ல சறுக்கு மூட்டும் கொண்ட குழாயை அமைத்தனர். விரிகுடாவின் அடியில் 5 மைல் நீளச் சுரங்கவழியை 2014-இல் முடித்தனர்.

பாலத்தையும் மாளிகையையும் காண்போர் புகழ்வர். புதைந்த குழாயைப் புகழ்வார் இலர். அதனாலேயே அதற்குப் பொருள் ஒதுக்க நகரங்கள் தயங்குகின்றன. நம் மாணவருள் எந்திரவியல் கற்கச் செல்வோர், ஒரு குழாய் எவ்வளவு நீர் தரும் என்று கேட்பதோடு, நிலம் அசைந்தால் அஃது எங்கே முதலில் அறும் என்றும் கேட்பாராக.