பல்லாவரத்துக் கல்

தாம்பரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் வரும் நேயர்கள் பல்லாவரத்துக் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றின் கல் நீலம் பாய்ந்த கறுப்பு. உடைத்த முகம் எண்ணெய் தடவினாற்போல் மினுக்கும். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூகர்ப்ப சாஸ்திரிகள் உலகெங்கும் இவ்வினக் கல்லைச் 'சார்னோக்கைட்' என்றே அழைக்கிறார்கள்.

யார் இந்தச் சார்னோக்? கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஏஜண்டு. கல்கத்தாவில் குடியேறி 1693-ல் அங்கேயே மாண்டவர். வண்டல் படிந்த அந்தச் சீமையில் கல் ஏது? ஆகவே அவர் கல்லறைக்குரிய பலகை நம் சென்னைப் பக்கத்திலிருந்தே சென்றது. பின்னர், 1893-ல், ஹாலந்து என்னும் ஆங்கில நிபுணர் அப்பலகையை ஆராய்ந்து, பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள கல்லே இது என்று கண்டார். கண்டவர் பிறந்த ஊரின் பெயரையன்றோ கல்லுக்கு இட்டிருக்க வேண்டும்? அடியில் கிடந்த வியாபாரியின் பெயரை இட்டார்! ஹாலந்தின் புலமையில் நமக்கு ஐயமில்லை. பெயர் சூட்டியதில்தான் மனத்தாங்கல்.

ஏனெனில், இக்கல்லில் பெயர் பொறிக்கும் உரிமையை உளியால் ஈட்டியவன் ஒருவன் இருந்தான். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பல்லாவரத்துக் குன்றைக் குடைந்து, ஐந்து கருவறைகள் கொண்ட குகைக்கோயில் எடுத்துத் தன் விருதுப் பெயர்களை அதிலே வெட்டுவித்தான். எளிதில் இடங்கொடாத கல். எத்தனை உளிகள் மழுங்கினவோ! அக்குகை இப்போது முஸ்லிம் அன்பர்கள் தொழும் தர்கா.

அண்டையிலுள்ள திரிசூலத்தில் இதே கல்லை ஜல்லியாக உடைத்து வீடு கட்ட எடுத்துச் சென்றார்கள். வெட்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கிறது.