கல்லில் இருப்பதும் நாம் நிரப்பியதும்

மதுரையின் வடகிழக்கே ஒத்தக்கடையை ஒட்டி யானைமலை. அதன் அடிவாரத்தில் நரசிங்கப்பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருதக் கல்வெட்டு கலியாண்டு 3871 என்கிறது, அதாவது பொ.ஆ. 770. வட்டெழுத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டில்தான் கதை இருக்கிறது. கற்கோயில் எழுப்பத் தொடங்கிய அமைச்சர் மாறன்காரி பணி முடியுமுன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி அதை நிறைவு செய்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஒரு கல்வெட்டின் மைப்படியை, அதாவது தாளில் மை ஒற்றி எடுத்த படியைப் படிப்பவர் முன்னால் எழுத்துகள் ஒரே தரத்தில் நிற்பதில்லை. சில பளிச்சென்று தெரியும், சில மங்கியிருக்கும். சில பொரிந்து உதிர்ந்தேபோயிருக்கும். அந்த இடத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்புவார். எது கல்லில் இருப்பது, எது ஊகம் என்று வாசகருக்குக் காட்டியாக வேண்டும். கிரேக்க, லத்தீன் பதிப்புகளுக்காக 1931-இல் லெய்டன் நகரில் வகுத்த மரபில் மங்கிய எழுத்தின் அடியில் புள்ளி வரும், நிரப்பியது சதுர அடைப்புக்குள் வரும். தமிழ்க் கல்வெட்டுப் பதிப்புகளில் இடையே வரும் கிரந்த எழுத்தைத் தடித்து அச்சிடும் வழக்கமும் உண்டு. இங்கே தோற்றம் அலங்காரம் அன்று, சாட்சியம்.

இன்று இந்த வேலை, பாடத்தின் பகுதிகளுக்குக் குறியிட்டு எழுதும் எக்ஸ்.எம்.எல். கோப்புகளில் நடக்கிறது. கல்வெட்டுகளுக்கென்றே உருவான ‘எபிடாக்’ முறையைப் பின்பற்றி, ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2019-இல் தொடங்கிய ‘தர்மா’ திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இப்படிக் குறியிட்டது. ‘இது நிரப்பியது’, ‘இது தெளிவற்றது’ என்று கோப்பு சொல்லும், எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லாது. அதை வலைப்பக்கமாகவோ அச்சுப் பக்கமாகவோ மாற்றித் தருவது எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற உருமாற்ற மொழி. ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த அதன் முதல் பதிப்பு 1999 நவம்பர் 16 அன்று வெளியானது. அதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் வசதி ஒன்று உண்டு: ‘அட்ரிபியூட் செட்’, பண்புத் தொகுப்பு.

சாம்பல் நிறம், சாய்ந்த எழுத்து, அளவு ஆகிய பண்புகளை ஒரே இடத்தில் எழுதி, அதற்கு ‘ஊகம்’ என்று பெயர் வைத்துவிடலாம். (தமிழிலேயே வைக்கலாம், எக்ஸ்.எம்.எல். தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.) பிறகு மூலப்பாடத்திலும் அடிக்குறிப்பிலும் சொல்லடைவிலும் நிரப்பிய எழுத்து வரும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சுட்டினால் போதும். சாம்பல் நிறம் அச்சில் மங்குகிறது என்று அச்சகத்தார் சொன்னால் ஒரு வரியைத் திருத்தினால் நூல் முழுக்க மாறும். ஒரு தொகுப்பு இன்னொன்றை உள்ளே அழைத்துக்கொள்ளவும் முடியும்: எழுத்துருவைச் சொல்லும் பொதுத் தொகுப்பை ‘ஊகம்’, ‘மங்கல்’ இரண்டுமே எடுத்துக்கொண்டு தத்தம் வேறுபாட்டை மட்டும் சேர்க்கலாம். ஒன்றையொன்று சுற்றி அழைத்தால் பிழை. சதுர அடைப்பு போன்ற குறிகள் பண்பல்ல, எழுத்து. அவற்றை வார்ப்புருவில்தான் எழுத வேண்டும்.

வலைப்பக்கத்துக்கு மட்டும் என்றால், தோற்றத்தைத் தனியே வகுக்கும் சி.எஸ்.எஸ். பெரும்பாலும் போதும். அச்சுக்கான எஃப்.ஓ. வடிவத்தில் அந்த வசதி கிடையாது, ஒவ்வொரு அமைப்பும் உறுப்பின் (எலிமெண்ட்) மேலேயே பண்பாக ஏற வேண்டும். தொகுப்பு இல்லாமல் அங்கே ஒழுங்காக வேலை செய்வது கடினம்.

ஒரு எச்சரிக்கை. தொகுப்பில் உள்ள பண்பை உறுப்பிலேயே மறுபடி எழுதினால் உறுப்பில் உள்ளதே வெல்லும். அவசரத்தில் ஓரிடத்தில் கறுப்பு நிறம் கொடுத்துவிட்டால், பிறகு தொகுப்பை எத்தனை முறை திருத்தினாலும் அந்த இடம் மாறாது. ஊகம் கல்லெழுத்தைப் போலவே தோன்றும். படிப்பவர் கல்வெட்டே சொன்னதாக நம்பி மேற்கோள் காட்டுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தொகுப்பின் மதிப்புகள் ஒவ்வொரு பயன்பாட்டிலும் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. எனவே நிரப்பியவர் யார் என்பதைக் கோப்பிலிருந்து எடுத்து, வலைப்பக்கத்தில் அந்த எழுத்தின் மேல் சுட்டியை வைத்தால் பெயர் தெரியும்படி ‘ஊகம்’ தொகுப்பிலேயே எழுதிவிடலாம். பெயர் பதியாத இடங்களில் காலியான பண்பு வந்து நிற்காமல், ‘நிரப்பியவர் பெயர் குறிக்கப்படவில்லை’ என்று காட்டும்படி அந்தப் பண்புக்குள்ளேயே நிபந்தனை வைக்கலாம்.