எட்டு அங்குல அரம்

செங்கோட்டையில் மரம் அறுக்கிற மிஷின்களுக்கு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மேசையின் ஓரத்தில் செயின் தீட்டுகிற கிரைண்டர் ஒன்று நிற்கிறது. செயினை மாட்டி, கோணம் வைத்து, ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எடுத்தால் ஒரு டீ ஆறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். அதில் வரும் காசு எனக்கு வேண்டியதுதான். இருந்தாலும் புது மிஷின் வாங்க வருகிறவர்களிடம், "இதோட எட்டு அங்குல வட்ட அரம் ஒண்ணும் வாங்கிட்டுப் போங்க. தீட்டப் பழகிக்கோங்க. எங்கிட்ட அடிக்கடி வராதீங்க" என்றுதான் சொல்கிறேன். சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் வாங்கி டூல்பாக்ஸில் போட்டுவைத்து, அது துருவேறிய பிறகு கிரைண்டரைத் தேடி வருவார்கள்.

சாணை மேல் எனக்குப் பகை கிடையாது. இது மர ஊர். ஆரியங்காவு டிப்போ ஏலத்தில் எடுத்த தடிகளும், தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற வெளிநாட்டுத் தேக்கும் இங்குள்ள அறுவை மில்களுக்கு வருகின்றன. அப்பா ஒரு மில்லில் பேண்ட்சா பிளேடு தீட்டியவர். அங்கே எல்லாம் சாணைதான். ஆனால் அந்தச் சாணையை ஓட்டியது மிஷின். கல் ஒரே சீராக இறங்கும், மெல்லத் தொடும், ஏறும், அடுத்த பல்லுக்கு நகரும். செயின் கிரைண்டரில் கல்லை இறக்குவது ஆளின் கை. கடையில் மூன்று பேர் காத்திருந்தால் அந்தக் கைக்கு அவசரம் வந்துவிடும். என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த அவசரம் என்ன கெடுக்கிறது என்று புரிய, பல் எப்படி அறுக்கிறது என்று தெரிய வேண்டும். முன்காலத்துச் செயின்களில் கைரம்பத்தின் பற்களைப் போலவே பல் இருந்தது. மரத்தைச் சுரண்டியது, சீக்கிரம் மழுங்கியது, தீட்டுவதற்கு நேரம் தின்றது. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைப் பார்த்தார். அதன் தாடைகள் வலமும் இடமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்கின. அதையே இரும்பில் செய்தால் என்ன என்று யோசித்து, 1947-இல் போர்ட்லாண்டில் தன் வீட்டு அடித்தளத்தில் செயின் தயாரிக்கத் தொடங்கினார். இன்று உங்கள் தோப்பில் ஓடுகிற செயினும் அடிப்படையில் அதுதான். ஒரு பல் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம். செயினைத் தாங்குகிற பாரின் பள்ளத்தில் ஓடுகிற கண்ணிதான் டிரைவ் லிங்க். அது 72 உள்ள செயினில் 36 பல்: பதினெட்டு வலம், பதினெட்டு இடம்.

ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு விளிம்பு உண்டு. மேல்தட்டு உளியாக மரத்தைச் சீவுகிறது. பக்கத் தட்டு வெட்டின் சுவரை அறுக்கிறது. இரண்டும் சேருகிற மூலைதான் முதலில் மரத்தில் படும், முதலில் மழுங்கும். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோம் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கிற எஃகை அரம் தின்னும். கூர்மையை நெடுநேரம் தாங்குவது இந்தக் குரோம். அதனால்தான் அரத்தை எப்போதும் பல்லின் உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் குரோம் உதிரும், அரமும் வீணாகும்.

எங்கள் பக்கத்து மரங்கள் செயினுக்கு இரக்கம் காட்டுவதில்லை. பனையிலும் தென்னையிலும் சிலிக்கா இருக்கிறது. மணலைத் தேய்த்த மாதிரி விளிம்பைத் தேய்த்துவிடும். வயதான புளியின் வைரத்தில் மிஷின் திணறும். சீமைக்கருவேலத்தைத் தரையோடு தரையாக அறுக்கிறவர்கள் மரத்தோடு மண்ணையும் அறுக்கிறார்கள். எல்லாவற்றையும் விட மோசம் சாலையோரத்து மரங்கள். டியூஷன் சென்டர், மூலம் பவுத்திரம், வீட்டுமனை என்று தகரப் பலகை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பலகை உதிர்ந்தாலும் ஆணி உள்ளே இருக்கிறது. பட்டை அதை மூடி வளர்ந்துவிட்டால் அறுக்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. ஓர் ஆணி போதும், ஒரு பக்கத்துப் பல் முழுவதும் மூக்குடைந்து வரும்.

மழுங்கியதை மிஷினே சொல்லிவிடும். கூரான செயின் செதில் செதிலாகத் துப்பும். மழுங்கியது மாவாகத் தூற்றும். தன்னால் இறங்க வேண்டிய பாரை நீங்கள் அமுக்க வேண்டியிருக்கும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் வலப்பல்லும் இடப்பல்லும் ஒரே கூரில் இல்லை. சந்தேகம் இருந்தால் பல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாக ஒரு கீற்று மின்னினால் அது உருண்டுவிட்டது. கூர் விளிம்பில் வெளிச்சம் நிற்காது.

அப்போதே அரத்தை எடுத்தால் மூன்று, நான்கு தள்ளு போதும். தோட்டத்தில் பெட்ரோல் ஊற்ற நிறுத்துகிற இடைவேளையில் ஒரு சுற்று போட்டுவிடலாம். மாலைவரை மழுங்கிய செயினோடு மல்லுக்கட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்தால், உருண்ட பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ளித்தான் புது விளிம்பு எடுக்க முடியும். அத்தனையும் உங்கள் செயினின் ஆயுள். பல செயின்கள் மரத்தில் தேய்ந்ததைவிட என் கல்லில் தேய்ந்ததே அதிகம்.

அரம் போடுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அளவு முக்கியம். .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு 4.8 மி.மீ. அரம். பெரிய 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5. சின்ன மிஷின்களில் வருகிற 3/8 லோ புரொஃபைலுக்கு 4. எது சரி என்று செயின் பெட்டியிலேயே போட்டிருக்கும். பெட்டியைக் கிழித்து எறிவதற்கு முன் ஒரு முறை படிக்கலாம். மெலிந்த அரம் பல்லின் அடியில் இறங்கி விளிம்பைக் கொக்கியாக்கும். முதல் மரத்தில் பறக்கும், இரண்டாவது மரத்தில் படுத்துவிடும். தடித்த அரம் விளிம்பை மொண்ணையாக்கும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தட்டுக்கு மேலே தெரிகிறபடி பிடித்தால் சரியான இடம்.

மிஷினை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றி, பாரை வைஸில் இறுக்குங்கள். தோட்டத்தில் வைஸ் இல்லையென்றால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் ஒரு பிளவு போட்டு அதில் பாரைச் செருகலாம். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான செயின்களுக்குக் கோணம் 30 டிகிரி; பல்லின் மேலேயே அதற்கான கோடு இருக்கும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். இழுத்து இழுத்துத் தேய்த்தால் மழுங்குவது அரம். ஒரு பக்கத்துப் பல்லை எல்லாம் முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போங்கள். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் வாகாக விழும், மறுபக்கம் விழாது. அதனால் எத்தனை தள்ளு என்று எண்ணிக்கொள்வதோடு, எப்போதாவது வெர்னியரால் பல்லின் நீளத்தையும் அளந்துபாருங்கள்.

இனி கிரைண்டரின் கதை. கல்லுக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு: சூடு. கார்பன் எஃகு சூடேறும்போது முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி வாக்கில் நீலம் என்று நிறம் மாறும். நீலம் பாய்ந்த விளிம்பில் பதம் போய்விட்டது. சில இடம் இளகியிருக்கும். சில இடம் கண்ணாடியாக இறுகி அரம் வழுக்கும். கடையில் தீட்டி வாங்கிய செயினில் அரம் இறங்கவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் நீலத்தைத்தான் தேடுவேன். தப்பிக்க வழி எளிது. ஒரே அழுத்தில் முடிக்காமல் தொட்டு எடுக்க வேண்டும். கல்லின் முகத்தை அடிக்கடி சீவிப் புதுப்பிக்க வேண்டும். பொடி அடைத்த கல் வெட்டாது, சூடுதான் ஏற்றும். சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) பூசிய எஃகுச் சக்கரம் சூடு குறைவாக ஓடும், வடிவமும் மாறாது. விலைதான் கையைக் கடிக்கும். ஆன்லைனில் கிடைக்கிற பிளாஸ்டிக் கை கிரைண்டர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். கையில் ஆட்டம் இருக்கிற மிஷினில் கோணம் எங்கே நிற்கும்? அந்தக் காசுக்கு அரமும் கைடும் வாங்குங்கள்.

ஆனால் ஆணியில் மாட்டிய செயினை அரத்தால் மீட்கச் சொல்ல மாட்டேன். 36 பல்லையும் உடைந்த ஒரு பல்லின் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது கிரைண்டர் வேலை. ஒரு பக்கம் குட்டையாகி வெட்டு வளைகிற செயினும் அப்படியே. தடியை நீளவாக்கில் பலகையாக அறுக்க 30 டிகிரிப் பல்லைப் பத்து டிகிரிக்கு மாற்றித் தரச் சொல்கிறார்கள். அதைக் கையால் செய்தால் தோள் கழன்றுவிடும்.

அரமானாலும் கல்லானாலும் முக்கால்வாசிப் பேர் மறப்பது டெப்த் கேஜை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் துருத்தி நிற்கிற சின்ன மேடு அது. இழைப்புளியில் தகடு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் சீவல் வரும். இங்கே அந்த அளவைத் தீர்மானிப்பது இந்த மேடு. மேல்தட்டு பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. தீட்டத் தீட்டப் பல் குட்டையாவதோடு அதன் உயரமும் இறங்கும். மேடு அப்படியே நின்றால் பல் மரத்தைத் தொடாது.

கடையநல்லூரிலிருந்து ஒரு பையன் வந்தான். "அண்ணாச்சி, செயின் டூப்ளிகேட் போல. தீட்டி வாங்கியும் இறங்க மாட்டேங்குது."

"பல்லு நல்லாத்தான் இருக்கு தம்பி. முன்னால இருக்கிற மேட்டைப் பாரு, பல்லுக்குச் சமமா நிக்கி."

தட்டை அரத்தை எடுத்து, கேஜ் தகட்டை வைத்து, ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு தள்ளு. பல்லின் உயரத்துக்கும் மேட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பல செயின்களுக்கு 0.65 மி.மீ. நாலைந்து முறை தீட்டியதும் ஒரு முறை பார்த்தால் போதும். ஆசைப்பட்டு அதிகம் தேய்த்துவிட்டால் பல் மரத்தைக் கவ்வும், பாரின் நுனி மேல்நோக்கி எகிறும். அந்த எகிறலில் முகம் போனவர்கள் உண்டு.

பல்லின் பின்பகுதியில் சாய்வாக ஒரு கோடு இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டால், அல்லது பல்லின் நீளம் 4 மி.மீ.க்கு வந்தால், செயினைக் கழித்துவிடுங்கள். அதற்கு முன் எந்தக் கடையில் சாணைக்குக் கொடுத்தாலும் மூன்று கேளுங்கள். கல்லை மாட்டும் முன் தட்டிப் பார்த்தீர்களா? கணீரென்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்டால் விரிசல். டெப்த் கேஜையும் பார்த்தீர்களா? கல்துகள் போகச் செயினைக் கழுவி எண்ணெயில் போட்டீர்களா? கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள். என் கடையிலும் கேட்கலாம்.