செயினோடு சக்கரத்தையும் மாற்றுங்கள்

விடிகாலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினிலிருந்து ஓரிரு விநாடி 'கரகர'வென்று சத்தம் வந்து அடங்கிவிடுகிறதா? உத்திரமேரூரில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். பிரேக், கிளட்ச் எல்லாம் சொல்லி முடித்துக் கிளம்பும்போது, "காலையில கொஞ்சம் சத்தம் வருது, அப்புறம் சரியாயிடுது" என்பார்கள். எனக்கு அதுதான் முதல் வேலை.

பிஸ்டனோடு சேர்ந்த கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் சரியாக ஒரு சுற்று வர வேண்டும். இரண்டின் பல் சக்கரங்களையும் (ஸ்பிராக்கெட்) இணைப்பது டைமிங் செயின். அது ஒரு பல் தாண்டினாலே இழுவை குறையும். அறுந்துபோனால், பல இன்ஜின்களில் மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதி வளைத்துவிடும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் செய்யத் தொடங்கிய சான்ட்ரோ காரில் இந்த வேலையை ரப்பர் பெல்ட் செய்தது. 2008-ல் ஐ10 காரில் வந்த கப்பா இன்ஜினில் செயின். பெல்ட்டை இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கணக்கு உண்டு. செயினுக்குப் பெரும்பாலும் அப்படி இல்லாததால், ஆயுசுக்கும் வரும் என்று விட்டுவிடுகிறோம்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. இந்தத் தேய்மானத்தைக் குறைக்கத்தான் 1880-லேயே மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் செயினுக்குள் புஷ் வைத்தார். ஆனாலும் கண்ணிக்குக் கண்ணி தேய்ந்ததெல்லாம் கூடினால் செயின் தளரும். அந்தத் தளர்வை டென்ஷனர் பிடித்துக்கொள்ளும். பல வண்டிகளில் அது ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அழுத்தம் ஏறுவதற்குள், தளர்ந்த செயின் தன்னை வழிநடத்தும் கைடில் அடிக்கிறது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

நம் பக்கத்துக் கார்கள் கழனிக்கும் கடைத்தெருவுக்கும்தான் ஓடுகின்றன. இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். கிலோமீட்டர் ஏறாமலே ஆயில் கெடுகிறது; கெட்ட ஆயிலில் செயின் சீக்கிரம் தேயும். ஓட்டம் குறைவென்றாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆயில் மாற்றுங்கள்.

சமீபத்தில் வந்த பெரியவர் ஒருவர், "செயின மட்டும் மாத்துப்பா, சக்கரம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். பழைய ஸ்பிராக்கெட்டையும் புதிதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"தடவிப் பாருங்கய்யா."

பழையதன் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தன. அவற்றில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். கூலியில் பெரும்பகுதி மவுண்ட், புல்லி, கவர் எல்லாம் பிரித்து மாட்டுவதற்குத்தான். செயின், ஸ்பிராக்கெட், டென்ஷனர், கைடு என்று செட்டாக மாற்றினால் அந்தக் கூலியை மறுபடி கொடுக்க வேண்டாம்.

மாட்டும்போது செயினின் நிறக் கண்ணிகளை ஸ்பிராக்கெட்டின் குறிகளோடு பொருத்த வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்யாமல், கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுவேன். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டு சுற்று முடிந்ததும் சக்கரக் குறிகள் பழைய இடத்துக்கு வரும்; நிறக் கண்ணிகள் வராது. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இங்கே பயந்துவிடுவார்கள். செயினின் சுற்று வேறு, சக்கரத்தின் சுற்று வேறு. பயப்பட ஒன்றுமில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முந்தின நாளே விற்பவரிடம், "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவையுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட் செய்து பார்த்துப் பயனில்லை; அந்தக் காலைச் சத்தம் தெரியாது. இன்னொரு நாள் காலையில் போங்கள்.