திரைச் சாலையில் உருளும் சக்கரம்

வீட்டு அறையில் நின்ற இடத்திலேயே சைக்கிளை மிதித்து, இணையம் வழியே ஊர் உலகத்தாரோடு போட்டி போடும் பந்தயத்தில் வியர்வை நிஜம், சக்கரம் மட்டும் பொய். பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சங்கிலியை ஸ்மார்ட் ட்ரெயினர் என்னும் கருவியின் பல்சக்கரத்தில் மாட்டுகிறார்கள். மிதிப்பவர் எத்தனை வாட் திறன் செலுத்துகிறார் என்று ட்ரெயினர் ஓயாமல் அளந்து, ப்ளூடூத் வழியே கணினிக்கு அனுப்புகிறது. அந்த வாட்டோடு ஆளின் எடை, உயரம், சாலையின் சாய்வு, அவர் திரையில் தேர்ந்தெடுத்த சைக்கிள், சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து, அவருடைய உருவம் இந்தக் கணத்தில் என்ன வேகத்தில் போக வேண்டும் என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. திரையில் பளபளவென்று சுழலும் சக்கரம், அந்தக் கணக்குக்குள் முக்கியமாக இரண்டு எண்கள்தான். ஒன்று அதன் எடை, மற்றது அது காற்றில் எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகும் என்பது.

இவ்வகை விளையாட்டுகளில் பேர்போனது ஸ்விஃப்ட். அமெரிக்காவின் லாங் பீச் நகரிலிருந்து 2014-இல் சோதனைப் பதிப்பாக வந்தது. வாட்டோப்பியா என்ற கற்பனைத் தீவு அதன் முதன்மைக் களம். லண்டன், நியூயார்க், இன்ஸ்புருக் போன்ற நிஜ நகரங்களின் சாலைகளும் உண்டு. சர்வதேச சைக்கிள் ஒன்றியம் மின்விளையாட்டு சைக்கிள் பந்தயத்துக்கான தன் முதல் உலகப் பட்டப் போட்டியை 2020 டிசம்பரில் இந்த வாட்டோப்பியாவில்தான் நடத்தியது. ஆண்கள் பிரிவில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்னும் பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோவும் வென்றார்கள். ஆஸ்போர்ன் அப்போது துடுப்புப் படகோட்டத்தில் பெயர் பெற்ற வீரர்.

சக்கரங்கள் விற்கும் கடையும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. மிதிக்க மிதிக்கச் சேரும் 'துளி'கள்தான் அங்கே காசு. அதோடு, ஓட்டுபவர் குறிப்பிட்ட நிலையை எட்டினால்தான் சில சக்கரங்களின் பூட்டே திறக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் எடைக்கும் காற்று வழுக்கலுக்கும் தனித்தனியே நட்சத்திர மதிப்பெண் போட்டிருப்பார்கள். புதிதாக வருபவர் நட்சத்திரங்களைக் கூட்டிப் பார்த்து, எது அதிகமோ அதை வாங்கிவிடுகிறார். இது தவறான கணக்கு. இரண்டு நட்சத்திரங்களும் ஒரே நாணயம் இல்லை. எந்தச் சாலையில் எதற்கு என்ன விலை என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

சமதளத்தை முதலில் பார்க்கலாம். 75 கிலோ எடையுள்ள ஒருவர், 8 கிலோ சைக்கிளில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தனியே போகிறார். அவருடைய மொத்த உடல் வடிவத்துக்கும் வழக்கமான காற்றுத் தடை மதிப்பை வைத்துக் கணக்கிட்டால், காற்றைத் தள்ளவே சுமார் 250 வாட் செலவாகும். டயரின் உருளல் உராய்வுக்குப் போவது சுமார் 36 வாட். உழைப்பில் எட்டில் ஏழு பங்கு காற்றுக்கே போகிறது. இந்த நிலையில் நல்ல சக்கரம் ஒன்று காற்றுத் தடையை ஒரு சதவீதம் குறைத்தால், ஒரு மணி நேர ஓட்டத்தில் சுமார் 11 விநாடி மிச்சம். 3 சதவீதம் குறைத்தால் அரை நிமிடத்துக்கு மேல்.

ஆகவே சமதளத்துக்கு ரிம் உயரமான முன்சக்கரமும், ஸ்போக்ஸ் கம்பியே இல்லாமல் முழுத் தட்டாக மூடிய பின்சக்கரமும்தான் ராஜா. சுழலும் கம்பிகள் ஒவ்வொன்றும் காற்றைக் கடைவதுபோலக் கலக்கும். தட்டுச் சக்கரத்தில் அந்தக் கடைசல் இல்லை. 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர் தட்டுச் சக்கரங்களோடு ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை வைத்ததிலிருந்து சைக்கிள் உலகத்துக்கு இது தெரிந்த செய்தி. ஆனாலும் நிஜச் சாலையில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயங்களில் தட்டுச் சக்கரத்துக்கு அனுமதி கிடையாது. பக்கக்காற்று அடித்தால் அது பாய்மரம்போல வாங்கி, ஓட்டுபவரைப் பக்கத்திலிருப்பவர் மேலே தள்ளிவிடும். திரையில் பக்கக்காற்றும் இல்லை, விழுந்து முட்டி பெயர்வதும் இல்லை. அதனால் ஸிப் நிறுவனத்தின் 858 முன்சக்கரம், சூப்பர்-9 தட்டுப் பின்சக்கரம் கொண்ட ஜோடியும், டிடி ஸ்விஸ் ஏஆர்சி 1100 தட்டு ஜோடியும் அங்கே கூட்டப் பந்தயத்திலேயே சர்வசாதாரணமாக ஓடுகின்றன. சமதளச் சோதனைகளில் முன்வரிசையில் நிற்பவை இவைதான்.

மலைக்கு வந்தால் கதை மாறுகிறது. பிரான்சின் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் மலைச் சாலையைப் பார்த்து வாட்டோப்பியாவில் கட்டியது ஆல்ப் து ஸ்விஃப்ட். 12.2 கிலோமீட்டர் நீளம், 1,036 மீட்டர் ஏற்றம், அசலில் இருப்பதுபோலவே 21 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சொன்ன அதே ஆள் 300 வாட்டில் ஏறினால் உச்சிக்குச் சுமார் 49 நிமிடம். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்தான் என்பதால், காற்றுக்கு வெறும் 13 வாட் போகிறது. இங்கே சுமையில் ஒரு கிலோ குறைந்தால் 35 விநாடி மிச்சம். மலைக்கான இலேசான ஜோடிக்கும் தட்டு ஜோடிக்கும் அரைக் கிலோ வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், இலேசான ஜோடி 17 விநாடி முந்தும். காற்றுத் தடையில் 3 சதவீதம் குறைத்துத் தட்டு ஜோடி திருப்பிப் பிடிப்பது 4 விநாடிகூட இல்லை.

அப்படியானால் எந்தச் சாய்வில் தட்டு தோற்று இலேசு ஜெயிக்கிறது? இதே எண்களை வைத்துப் பார்த்தால், 300 வாட் மிதிப்பவருக்கு அந்தத் திருப்பம் 4, 5 சதவீதச் சாய்வுக்கு நடுவே வருகிறது. அதாவது நம் கண்ணுக்கே ஏற்றமாகத் தெரியும் பல சாலைகளில் தட்டுச் சக்கரம்தான் இன்னும் லாபம். 200 வாட் மிதிப்பவர் மெதுவாகப் போவதால் அவருக்குத் திருப்பம் 3, 4 சதவீதத்திலேயே வந்துவிடும். பட்டியலில் முதலிடம் பிடித்த சக்கரம் எல்லோருக்கும் முதலிடம் இல்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

லைட்வெயிட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மைலன்ஷ்டைன் சக்கரங்கள் மலையேறுபவர்கள் ஆசைப்படும் பண்டம். எடை மிகக் குறைவு, காற்றிலும் மோசமில்லை. ஆல்ப் உச்சியைத் தொட்டதும் திரையில் திருவிழா ராட்டினம்போல ஒரு பரிசுச் சக்கரம் சுழலும். எதில் நிற்கிறதோ அந்தப் பரிசு ஓட்டியவருக்கு. கையுறை, தலைக்கவசம் என்று ஏதேதோ விழும். அந்தப் பரிசுகளில் அரிதானது மைலன்ஷ்டைன். அதற்காகவே மறுபடி மறுபடி மலையேறியவர்கள் ஏராளம். சக்கரம் வேண்டிச் சக்கரம் சுற்றும் இந்த வேடிக்கை நிஜக் கடைகளில் கிடைக்காது.

பெரும்பாலான பந்தயங்கள் முழுச் சமதளமும் இல்லை, முழு மலையும் இல்லை. அங்கே சராசரிச் சாய்வைப் பார்த்துச் சக்கரம் எடுப்பவர் ஏமாந்துபோகிறார். காரணம், கூட்டம். முன்னே போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றுத் தடை பெரிய அளவில் குறையும் என்பதை மென்பொருள் அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கூட்டத்துக்குள் பதுங்கியிருக்கும்வரை தட்டுச் சக்கரத்தின் லாபமும் அதே விகிதத்தில் சுருங்கும். அந்த நேரத்தில் யாரிடம் என்ன சக்கரம் என்பது பெரிய விஷயமே இல்லை. கூட்டம் உடையும் இடம்தான் முக்கியம். நடுவே ஒரு செங்குத்து மேடு வந்து பின்தங்கியவர்களை உதறிவிடும் பாதை என்றால், அந்த மேட்டில் ஒட்டிக்கொள்ள இலேசான சக்கரம் தேவை. உதறிவிடப்பட்டவர் மிச்சத் தூரம் முழுக்கத் தனியே காற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான். அப்புறம் அவரிடம் தட்டுச் சக்கரம் இருந்தும் பிரயோஜனமில்லை. மேடு எதுவும் கூட்டத்தை உடைக்காது, முடிவு சமதளப் பாய்ச்சலில்தான் என்றால் தட்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடைசி 200 மீட்டர் பாயும்போது, காற்றுத் தடையில் 2 சதவீத வித்தியாசம் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி தரும். கோட்டில் முன்சக்கரத்தின் நுனியை வைத்து முடிவு சொல்லும் ஆட்டத்தில் அது தாராளம்.

தரையும் கணக்கில் உண்டு. தார், செங்கல், மரப்பலகை, மண் என்று ஒவ்வொன்றுக்கும் உருளல் உராய்வு வேறு. தார்ச் சாலைக்கான மெல்லிய டயர், வாட்டோப்பியாவின் காட்டுச் சுற்றுப் பாதையில் மண்ணில் இறங்கியதும் ஈரமணலில் சிக்கியதுபோல இழுக்கும். அங்கே சரளைப் பாதைச் சைக்கிளும் மலைப்பாதைச் சைக்கிளும் வேகம். பாதி தார், பாதி மண் என்றால் நடுவழியில் சைக்கிளை மாற்றுகிறவர்களும் உண்டு. மாற்றுவதற்கு ஆகும் விநாடிகளைவிட மண்ணில் மிச்சமாகும் விநாடிகள் அதிகமா என்று முன்கூட்டியே கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால்தான் அது பலிக்கும்.

சக்கரம் பற்றிய இந்தக் கவலை எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சைக்கிள் இருக்கிறது. பெயர் கான்செப்ட் இசட்-1. சக்கர ஓரங்கள் ஒளிர்வதால் ட்ரான் என்ற ஹாலிவுட் படத்தை நினைத்து எல்லோரும் அதையும் ட்ரான் என்கிறார்கள். அதில் சட்டமும் சக்கரமும் ஒன்றே. சக்கரத்தை மட்டும் மாற்ற முடியாது. மேட்டிலும் சமதளத்திலும் கைகொடுக்கும். துளிகளைக் கொட்டினாலும் கிடைக்காது. விளையாட்டில் 'எவரெஸ்ட்' என்ற சவாலை ஏற்று, மொத்தம் 50,000 மீட்டர் ஏறி முடித்தால்தான் கைக்கு வரும். எவரெஸ்டின் உயரத்தைப்போல அது ஐந்தரை மடங்குக்கும் மேல். சாதாரண ஆளுக்குப் பல மாத உழைப்பு.

2019-இல் பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பு நடத்திய முதல் தேசிய மின்பந்தயப் பட்டத்தை இந்த ட்ரானில் ஓட்டி ஒருவர் வென்றார். இறுதிப் போட்டி எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. அன்று அவர் மிதித்த வாட்டில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ட்ரானைப் பெறுவதற்கான 50,000 மீட்டரை அவர் மிதிக்கவில்லை என்பதும், ஆளில்லாமல் சைக்கிளை ஓட்டும் ஒரு நிரல் அவர் கணக்கில் மலையேறியிருந்தது என்பதும் சில மாதங்களில் தெரியவந்தது. அவருடைய பட்டத்தைப் பறித்து, 250 பவுண்டு அபராதமும் 6 மாதத் தடையும் விதித்தார்கள்.