சொட்டுற வேர்வை சூட்டைத் தணிக்காது!

"வைத்தியரே, திருச்சியிலே வெயில் இதைவிட ஜாஸ்தி. ஆனா இந்தப் புழுக்கம் அங்கே இல்லையே?" கோவில்பத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சித்திரை, வைகாசியில் தவறாமல் கேட்கிற கேள்வி இது.

பதில் நம் வேர்வையில் இருக்கிறது. தோலில் 20 முதல் 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் உண்டு. வேர்த்தாலே உடம்பு குளிர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. வேர்வை ஆவியாகப் போனால்தான் குளிர்ச்சி. ஒரு லிட்டர் வேர்வை தோலிலேயே உலர்ந்தால், சுமார் 580 கிலோ கலோரிச் சூட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும். திருச்சியின் காய்ந்த காற்று வேர்வையைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். காரைக்கால் கடற்காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைய. வேர்வை உலராமல் சொட்டிக் கீழே விழுகிறது. தண்ணீரும் போச்சு, உப்பும் போச்சு, சூடு மட்டும் அப்படியே!

சூடு இறங்கவில்லை என்றதும் உடம்பு ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிடும். ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இறைக்கிறது. அதில் ஒரு லிட்டருக்குமேல் சிறுநீரகங்களுக்கே போகும். இத்தனூண்டு உறுப்புக்கு இவ்வளவு பங்கா என்று தோன்றும். தினம் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தை ரத்தத்துக்கே திருப்பித் தருகிற உறுப்பாயிற்றே! கடும் வெயிலில் உழைக்கும்போது இந்தப் பங்கில்தான் வெட்டு விழுகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான்.

2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. பெண்களின் பாடு இன்னும் மோசம். ஒதுங்க இடமில்லை என்பதால் தாகமெடுத்தாலும் குடிக்கமாட்டார்கள். வந்த சிறுநீரையும் அடக்குவார்கள். நம்ம நடவு வயலிலும் இதே நிலைதான். அடக்கக் கூடாது என்று சித்த மருத்துவம் சொல்கிற 14 வேகங்களில் நீர்வேட்கையும் உண்டு, சிறுநீரும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் அடக்கினால் உடம்பு என்ன செய்யும், பாவம்! கழிப்பறை கட்டித் தராமல் கஷாயம் மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்?

வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் உப்புப் போட்ட நீராகாரம் குடியுங்கள். இடையிடையே தண்ணீர், நீர்மோர். பல மணி நேரம் வேர்த்துக் கொட்டிய பிறகு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். (ரத்த அழுத்தம், சிறுநீரக, இதய நோய் உள்ளவர்கள் உப்பின் அளவையும் தண்ணீரின் அளவையும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.) சிறுநீர் இளமஞ்சளாகப் போனால் சரி, அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

வெயிலில் நின்றவர் திடீரென்று உளறினால், மயங்கினால், அது வெப்பவாதம். வேர்த்துக்கொண்டிருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.